நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு

என் தங்கைக்கு ஏழு வாரமாக இருமல். ஏழு வாரமும் நான் உருவாக்கிய இயந்திரம் அவளுக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பிக்கொண்டு அவள் டாக்டரிடம் போகாமல் இருந்தாள். அந்த இயந்திரத்தை முந்நூறு மருத்துவமனைகளுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு குழு திங்கட்கிழமை முடிவு செய்யப்போகிறது. கொடுக்கலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால், ஓய்வு பெறப்போகிற இயக்குநரின் அறை எனக்கு. விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்றால், எனக்கு உட்காரத் தெரியாது.

ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பம்பரம் என்று பெயர். எனக்குத் தெரியாது என்று அங்கே எல்லோருக்கும் நினைப்பு. கூட்டங்களில் சுவரோரம் நின்றுகொண்டுதான் பேசுவேன். போன் வந்தால் மூன்று மாடியும் ஏறி இறங்கிவிடுவேன். இருபது வருடத்தில் நாலு வேலை மாறினேன். செயற்கை நுண்ணறிவு என்று சொன்னாலே கல்யாண வீட்டில் ஜோசியக்காரரைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்த காலத்தில் இந்தத் துறைக்குள் நுழைந்தவள் நான். இப்போது அதே ஆட்கள் தங்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்பி, "இவனுக்கு ஏதாவது வழி சொல்லுங்க" என்கிறார்கள். நடுவில் நடந்தது ஒரே ஒரு கட்டுரை. மனிதர் இருமுவதைக் கேட்டு நுரையீரலில் கோளாறு உண்டா இல்லையா என்று இயந்திரம் சொல்லிவிடும், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு தடவை சரியாகச் சொல்லும் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதினேன். அந்த ஒரு எண்தான் எனக்கு வேலை, பெயர், பரிசு எல்லாம் வாங்கிக் கொடுத்தது. இப்போது அந்த இயந்திரம் போனிலேயே இருக்கிறது: இருமினால், நல்லாயிருக்கிறவர்களுக்குப் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு.

வியாழக்கிழமை காலை தங்கை போன் செய்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் திருத்தியே பழகியதால், போனை எடுத்ததும் அதட்டலாகத்தான் ஆரம்பிப்பாள்.

"அக்கா, இன்னிக்கும் போன்ல இருமிப் பார்த்தாச்சு. நாலு தடவை. நாலும் பச்சை. போதுமா? இனிமே நச்சரிக்காத."

"ஏழு வாரம் ஆச்சுடி. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமே."

"ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன்னு எத்தனை தடவை சொல்றது? நீ செஞ்ச மெஷின் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா? நான் ஒண்ணும் அப்பா மாதிரி ஏமாத்தல. அடிநெஞ்சுலேர்ந்துதான் இருமறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு, "தூசிதான், பழைய வண்டி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவளுடைய பிடிவாதம் புரியாது. நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா நுரையீரலில் கட்டி வந்து இறந்தார். ஒரு வருடம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வருடத்தில் பதினொரு மாதம் அப்பா தினமும் காலையில் என் இயந்திரத்தின் சோதனைப் பதிப்பைப் போனில் வைத்துக்கொண்டு இருமினார். தினமும் பச்சை. வீட்டில் நாங்கள் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான்: ஆஸ்பத்திரிக்குப் பயந்து அப்பா பொய் இருமல் இருமி இயந்திரத்தை ஏமாற்றிவிட்டார். தங்கைக்கு அதில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதே, "பொய்யாத்தானே இருமினீங்க?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

தங்கை போனை வைத்ததும் அவளுடைய நான்கு பச்சைகளையும் கணினியில் திறந்து பார்த்தேன். பார்க்கிறவர்களுக்குத்தான் பச்சை, சிவப்பு. உள்ளே இயந்திரம் எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறது என்பதற்கு ஓர் எண் இருக்கும். முன்பின் தெரியாத ஆள் இருமினால் எழுபது, எண்பது என்று இழுத்துப் பறித்துக்கொண்டு வரும். தங்கைக்கு நான்கு தடவையும் தொண்ணூற்றொன்பது.

ஏழு வாரம் இருமுகிற ஒருத்தியைப் பார்த்து எந்த இயந்திரமும் இவ்வளவு நிச்சயமாக நல்லாயிருக்கிறாய் என்று சொல்லாது. கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்த மாணவன்தான் பரீட்சையில் இப்படி யோசிக்காமல் எழுதுவான்.

பன்னிரண்டு வருடத்துக் கோப்புகளைத் தோண்டினேன். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் இருமல் நிறையக் கிடைத்தது. நல்லாயிருக்கிறவர்களின் இருமல்தான் கிடைக்கவில்லை. நல்லாயிருக்கிறவன் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறான்? இரண்டும் இருந்தால்தானே இயந்திரம் வித்தியாசம் கற்றுக்கொள்ளும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் பதினோரு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, படுக்கையறையில் எதிரொலி வராமலிருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராக இருமச் சொல்லிப் பதிவு செய்தேன். பெரியப்பா சிரித்துச் சிரித்துப் பாதியைக் கெடுத்தார். அத்தை வெட்கப்பட்டாள். அப்பா மட்டும் முப்பது தடவை மளமளவென்று இருமிவிட்டு, "போதுமாம்மா, இன்னும் வேணுமா?" என்று கேட்டார். பட்டியலில் அவர் முப்பத்தாறாம் எண், தங்கை முப்பத்தேழு. இருவருக்கும் நேராக 'ஆரோக்கியம்' என்று நானே எழுதியிருந்தேன்.

அதுவரைக்கும் தப்பில்லை. தப்பு அதற்கப்புறம். இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டம், பரீட்சை வைக்க வேறொரு கூட்டம் என்று ஆட்களைப் பிரிக்க வேண்டும். பாடத்தில் இருந்த ஆள் பரீட்சையில் வரவே கூடாது. இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. முதலில் நானும் அப்படித்தான் பிரித்தேன். கட்டுரை அனுப்ப நாலு நாள் இருக்கும்போது பதிவுகள் போதவில்லை என்று தோன்றியது. அவசர அவசரமாக ஒவ்வொரு பதிவையும் பத்துத் துண்டாக நறுக்கினேன். நறுக்கியதையெல்லாம் மொத்தமாகக் கலந்து மறுபடி இரண்டாகப் பிரித்தேன். ஆட்களைப் பிரிக்கவில்லை, துண்டுகளைப் பிரித்துவிட்டேன். அப்பாவின் இருமலில் ஏழு துண்டு பாடத்தில், மூன்று துண்டு பரீட்சையில். இயந்திரம் நோயைக் கற்றுக்கொள்ளவேயில்லை. ஆளை அடையாளம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது. 'ஓ, முப்பத்தாறா, அவர் நல்லாயிருக்கிறவர்' என்று மனப்பாடமாக ஒப்பித்தது. அதற்கு நான் போட்ட மார்க்குதான் தொண்ணூற்று நான்கு.

கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது: 'ஒருவரின் பதிவு இரு பக்கமும் இடம்பெறவில்லை.' திரும்பிப் பார்க்காமல் எழுதிய வரி. முதலில் உண்மையாக இருந்தது, நாலு நாளில் பொய்யாகிவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்கள் என் தொகுப்பையும், நறுக்கும் நிரலையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த பதிவுகளும் அதே கத்தியில்தான் நறுக்கப்பட்டன. பன்னிரண்டு வருடமாக ஒருத்தரும் பிரித்துப் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை மதியம் ஆட்களைச் சரியாகப் பிரித்து முதலிலிருந்து பாடம் ஆரம்பித்தேன். முடிய ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே. மாடிப்படி ஏறினேன், இறங்கினேன். வாசல் காவலாளி, "மேடம், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினேன். அந்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட்ட அளவு நான் எதைப் பற்றியும் கவலைப்பட்டதில்லை, என்னைப் பெற்றவரைப் பற்றிக்கூட.

அந்த நினைப்பு வந்ததும்தான், வெள்ளிக்கிழமை காலை, நான்கு வருடமாகச் செய்யாத ஒன்றைச் செய்தேன். சோதனைப் பதிப்பில் அப்பா பதிவு செய்த இருமல்கள் எங்கள் சேமிப்பில் அப்படியே இருந்தன. நான் அவற்றைக் கேட்டதே கிடையாது. இருமலைக் கேட்பது இயந்திரத்தின் வேலை, எண்ணைப் பார்ப்பது என் வேலை என்று இருந்துவிட்டேன். காதில் மாட்டிக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். பதினொரு மாதம். ஒரு நாள்கூட விடவில்லை மனுஷர். ஒன்றுகூடப் பொய் இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையை அறுத்துக்கொண்டு, மூச்சு வாங்கி நிற்கிற இருமல். எந்தப் படிப்பும் இல்லாத ஆளும் கேட்டவுடன், கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருப்பான். சில பதிவுகளில் கடைசியில் அப்பாவின் குரல் வந்தது. "சரியா வந்துச்சா?" என்று போனைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

அப்படியென்றால் அவர் ஏன் தலையசைத்தார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். ஒரு தடவை அவர் என்னிடம், "நல்லாத்தாம்மா இருமறேன், ஆனா படி ஏறினா மூச்சு வாங்குது" என்றார். அன்றைக்கு நான் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். "நூத்துக்குத் தொண்ணூத்தி நாலுப்பா. நீங்க போனைத் தள்ளி வெச்சிருப்பீங்க, இல்லன்னா மெதுவா இருமியிருப்பீங்க" என்றேன். "அப்படித்தான் இருக்கும்" என்றார். மகள் தப்பாகச் சொல்வாளா என்ற நம்பிக்கை அது. பிறகு படுக்கையில் சின்ன மகள் கேட்டபோது பெரிய மகளை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு என்மேலேயே அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

மதியம் எண் வந்தது. அறுபத்தொன்று. காசைச் சுண்டிவிட்டாலே ஐம்பது வரும்.

இயக்குநரிடம் போனேன். மனிதர் நல்லவர், என்னைத் தூக்கிவிட்டவர். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான் சார்."

"அப்போ பதற வேண்டாம். திங்கக்கிழமை முடியட்டும். நீ இயக்குநரா உட்கார்ந்ததும் ஆறு மாசத்துல புதுப் பதிப்புன்னு கொண்டு வா. பழைய தப்பைப் பத்தி யாரும் கேட்கப்போறதில்ல."

"அந்த ஆறு மாசம் முந்நூறு ஆஸ்பத்திரியில பச்சை காட்டிட்டு இருக்குமே சார்."

"அங்கே டாக்டர்களும் இருப்பாங்கம்மா" என்றார்.

நான் உடனே பொங்கி எழுந்தேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு மணி நேரம் அவர் சொன்னதை மனதுக்குள் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆறு மாதம்தானே என்று தோன்றியது. இருபது வருடம் ஓடிய ஓட்டத்துக்கு ஆறு மாதம் கிடைக்காதா என்று தோன்றியது. தங்கையை மட்டும் எப்படியாவது டாக்டரிடம் இழுத்துப்போய்விட்டால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்குப் போன் செய்தேன்.

"எங்க ஆபீஸ்ல குடும்பத்துக்கெல்லாம் இலவசமா ஒரு செக்கப் வந்திருக்குடி. நாளைக்கு வரியா?"

"உனக்குப் பொய் சொல்ல வராதுக்கா. குரல் மெலிசாயிடுது."

"ஏழு வாரம் இருமல் நல்லதில்லன்னு சொல்றேன்ல."

"உன் மெஷின் நல்லாயிருக்கேன்னு சொல்லுது. அது தப்புன்னு உன் வாயால சொல்லு, இப்பவே வரேன். சொல்லு பார்க்கலாம்."

தப்பு என்று சொன்னால் அடுத்த நொடியே அவளுக்கு அப்பா ஞாபகம் வரும். நான்கு வருடமாக அவரைத் திட்டித் தீர்த்தவள் அவள். திவசம் வந்தால்கூட, "நம்மள எல்லாரையும் ஏமாத்திட்டுப் போனவரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அவளும் அப்பா மாதிரியே பச்சையைப் பார்த்துக்கொண்டே படுத்துவிடுவாள். "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அன்று வீட்டில் என் கணவர் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு, நான் நடந்துகொண்டே சாப்பிடுவதைப் பார்த்து, டிவி சத்தத்தைக் குறைத்தார்.

சனிக்கிழமை காலை அவள் பாடம் நடத்தும் மைதானத்துக்குப் போனேன். ஐம்பது வயது பல் டாக்டர் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாவது தடவையாக ரப்பர் கூம்பின் மேல் ஏற்றினார். "சார், பல்லைப் புடுங்கற மாதிரி ஸ்டியரிங்கைப் புடுங்காதீங்க" என்று இவள் கத்த, கத்தியதிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பல் டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டு, "இது நல்லாயில்லம்மா, யார்கிட்டயாவது காட்டுங்க" என்றார்.

"எங்கக்காவோட மெஷின்கிட்டயே காட்டியாச்சு சார். பச்சை" என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே.

அவர் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மெஷின் தப்பு" என்றேன்.

"என்ன?"

"அது உன் இருமலைக் கேட்கல. பன்னிரண்டு வருஷம் முன்னாடி நம்ம வீட்டுல பதிவு பண்ணினேன்ல, அப்பவே உன்னை நல்லாயிருக்கிறவன்னு எழுதிட்டேன். அது உன் குரலை ஞாபகம் வெச்சிருக்கு. நீ எப்படி இருமினாலும், செத்துப்போற மாதிரி இருமினாலும், பச்சைதான் காட்டும். நான் அவசரத்துல பண்ணின தப்பு."

அவள் கண்ணாடி வழியே அந்தக் கூம்புகளைப் பார்த்தாள். கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் போட்டுவிட்டாள்.

"அன்னிக்கு அப்பாவும் இருமினாருல்ல."

"ஆமா."

"அப்போ அவரு..."

"நெஜமாத்தான் இருமினாரு. பதினொரு மாசமும். நேத்துதான் எல்லாத்தையும் கேட்டேன். என்கிட்ட அவர் சொன்னாரு, நல்லாத்தான் இருமறேன்னு. நான் நம்பல. நீங்கதான் தப்பா இருமறீங்கன்னு சொன்னேன். அதனாலதான் நீ கேட்டப்போ தலையாட்டினாரு. என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு."

"இறங்கு" என்றாள்.

இறங்கினேன். அவள் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கிளம்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். இன்ஜினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே இருந்தாள். தோள் குலுங்கியது, இருமலா அழுகையா என்று வெளியிலிருந்து தெரியவில்லை. பிறகு எட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறு. எந்த டாக்டர்னு சொல்லு."

ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்தார்கள், ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள், சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நுரையீரல் டாக்டர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து வலது பக்க மூலையைக் காட்டினார். கட்டி இல்லை, காசநோய்த் தொற்று மாதிரிதான் இருக்கிறது என்றார். "இப்பவாவது வந்தீங்களே. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா ஒரு பக்கமே போயிருக்கும். ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை போட்டா சரியாயிடும்." என் கால்கள் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தன. வியாழக்கிழமையிலிருந்து நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்திருக்கிறேன்.

வண்டியில் ஏறியதும் தங்கை அப்பாவைப் பற்றி ஆரம்பித்தாள். "மூக்குல டியூப் இருந்துச்சு. பதில் பேச முடியாதுன்னு தெரிஞ்சேதான் கேட்டேன். எல்லாரையும் ஏமாத்திட்டீங்களேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அதுக்கும் தலையாட்டினாரு." நான் அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"திங்கக்கிழமை அங்க போய் என்ன சொல்லப்போற?" என்றாள்.

"பயிற்சித் தரவையும் சோதனைத் தரவையும் பிரித்ததுல முறைப்பிழை, அதனால முடிவுகள் செல்லாது..."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"அவங்களுக்கு இது புரியும்டி."

"எனக்குப் புரியற மாதிரிதான் சொல்லணும்" என்றாள். கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.

திங்கட்கிழமை நீள மேஜையில் எட்டுப் பேர் இருந்தார்கள். மூன்று டாக்டர்கள், அமைச்சகத்திலிருந்து இரண்டு பேர், மற்றவர்கள் என் துறைக்காரர்கள். அதில் ஒருவர் என் தொகுப்பை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கியவர். இயக்குநர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இனிமேல் பார்ப்பாரா என்பதும் தெரியவில்லை. திரையில் போட நாற்பது பக்கம் தயாராக வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் அறுபத்தொன்று என்ற எண்ணும், அதற்குக் கீழே பிழையின் முறையான பெயரும் இருந்தன. தலைவர், "ஆரம்பிக்கலாமே" என்றார். திரையை அணைத்தேன்.

"எங்கப்பா ஒழுங்காத்தான் இருமினார்" என்றேன்.